எக்ஸ்எஸ்எல்டி: நாள் வடிவமைப்பும் ஆவண மறுகட்டமைப்பும்

எக்ஸ்எஸ்எல்டி என்பது ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறோர் எக்ஸ்எம்எல் ஆவணமாகவோ, எச்டிஎம்எல் பக்கமாகவோ, வெற்று உரையாகவோ மாற்றப் பயன்படும் கணினி மொழி ஆகும். இம்மொழியில் எழுதப்படும் நிரல் பாணித்தாள் எனப்படும். பாணித்தாளும் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணமே. மூல ஆவணத்தையும் பாணித்தாளையும் படித்து, விளைவு ஆவணத்தை உருவாக்கும் மென்பொருள் இக்கட்டுரையில் உருமாற்றி என்று குறிக்கப்படுகிறது.

இம்மொழி மிகுதியாகப் பயன்படும் பணிகள் இரண்டு. ஆவணத்தின் அமைப்பை மாற்றி அடுக்குவது ஒன்று. ஆவணத்தில் உள்ள நாட்களை வாசகருக்கு ஏற்ற வடிவில் காட்டுவது மற்றொன்று. இவ்விரு பணிகளுக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. உருமாற்றம் எந்தப் பிழைச்செய்தியும் இன்றி முடிந்துவிடும்; ஆனால் விளைவில் ஒரு பதிவு விடுபட்டிருக்கும், அல்லது ஒரு நாள் தவறாக மாறியிருக்கும். அத்தகைய இடங்கள் எவை, அவற்றைத் தவிர்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக விளக்குகிறது.

எக்ஸ்எஸ்எல்டி கட்டளைகளின் பெயர்கள் நிரலில் இலத்தீன் எழுத்துகளில் எழுதப்படுகின்றன. இங்கே அவை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

வரலாறு

எக்ஸ்எம்எல் 1.0 மொழியை டபிள்யூ3சி எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 பெப்ரவரி 10 அன்று தனது பரிந்துரையாக வெளியிட்டது. எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பு ஜேம்சு கிளார்க்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1999 நவம்பர் 16 அன்று வெளியானது. ஆவணத்தின் உட்பகுதிகளைச் சுட்டப் பயன்படும் எக்ஸ்பாத் 1.0 மொழியும் அதே நாளில் வெளிவந்தது. மைக்கேல் கே பதிப்பாசிரியராக இருந்த 2.0 பதிப்பு 2007 சனவரி 23 அன்றும், 3.0 பதிப்பு 2017 சூன் 8 அன்றும் பரிந்துரைகளாயின.

முதற் பதிப்பில் நாள் என்னும் தரவுவகையே இல்லை. நாள் என்பது வெறும் எழுத்துச் சரமாகவே கையாளப்பட்டது. நாளும் நேரமும் தனித் தரவுவகைகளாக 2.0 பதிப்பில்தான் இடம்பெற்றன. இவ்வேறுபாடு இன்றும் முக்கியமானது. ஏனெனில் பரவலாகப் பயன்படும் உருமாற்றிகள் சில 1.0 பதிப்பை மட்டுமே ஏற்கின்றன.

எடுத்துக்காட்டு ஆவணம்

மேலே கூறிய பரிந்துரைகளைக் கொண்ட சிறிய ஆவணம் ஒன்று பின்வருமாறு:

<பரிந்துரைகள்>
  <பரிந்துரை நாள்="2017-06-08">எக்ஸ்எஸ்எல்டி 3.0</பரிந்துரை>
  <பரிந்துரை நாள்="1999-11-16">எக்ஸ்பாத் 1.0</பரிந்துரை>
  <பரிந்துரை நாள்="1998-02-10">எக்ஸ்எம்எல் 1.0</பரிந்துரை>
  <பரிந்துரை நாள்="1999-11-16">எக்ஸ்எஸ்எல்டி 1.0</பரிந்துரை>
  <பரிந்துரை நாள்="2007-01-23">எக்ஸ்எஸ்எல்டி 2.0</பரிந்துரை>
</பரிந்துரைகள்>

உறுப்புகளின் பெயர்கள் தமிழில் இருப்பது எக்ஸ்எம்எல் விதிகளுக்கு உட்பட்டதே. 1998-இன் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் பெயர்களில் அனுமதிக்கப்பட்டிருந்தன. எனவே பரிந்துரைகள்/பரிந்துரை/@நாள் என்பது செல்லுபடியாகும் எக்ஸ்பாத் கோவை ஆகும்.

இவ்வாவணத்தை ஆண்டுவாரியாகப் பிரித்து, நாட்களைத் தமிழில் காட்டும் பின்வரும் வடிவத்திற்கு மாற்ற வேண்டும் எனக் கொள்வோம்:

<காலவரிசை>
  <ஆண்டு எண்="1998">
    <பதிவு>
      <பெயர்>எக்ஸ்எம்எல் 1.0</பெயர்>
      <நாள் மூலம்="1998-02-10">10 பெப்ரவரி 1998</நாள்>
    </பதிவு>
  </ஆண்டு>
  <ஆண்டு எண்="1999"> ... </ஆண்டு>
</காலவரிசை>

வாசகருக்கான வடிவம் உறுப்பின் உள்ளே இருந்தாலும், மூல நாள் ஒரு பண்புக்கூறாக உடன் வைக்கப்பட்டுள்ளது. விளைவு ஆவணத்தை மற்றொரு நிரல் படிக்க நேர்ந்தால், அது 'பெப்ரவரி' என்ற சொல்லைப் பொருள்கொள்ள வேண்டிய தேவை எழாது.

உருமாற்றம் இயங்கும் முறை

உருமாற்றி மூல ஆவணத்தை ஒரு மரமாகக் காண்கிறது. உறுப்புகள், பண்புக்கூறுகள், உரைப் பகுதிகள், கருத்துரைகள் ஆகியன இம்மரத்தின் கணுக்கள் ஆகும். பாணித்தாள் என்பது வார்ப்புருக்களின் தொகுப்பு. 'இத்தகைய கணுவைக் கண்டால் இதை எழுதுக' என்று ஒவ்வொரு வார்ப்புருவும் கூறுகிறது. பிற நிரல் மொழிகளில் போலப் படிகளை வரிசையாகக் கட்டளையிடுவதைவிட, விதிகளை அறிவிப்பதே இம்மொழியின் இயல்பு.

ஒரு கணுவுக்கு வார்ப்புரு எதுவும் எழுதப்படவில்லை எனில் உருமாற்றி நின்றுவிடுவதில்லை. உள்ளமைந்த விதிகளைப் பின்பற்றித் தொடர்கிறது. அவ்விதிகள் பின்வருமாறு:

* உறுப்பு எனில், அதன் குறிச்சொல்லை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கணுக்களுக்குச் செல்லும்.
* உரை எனில், அதை அப்படியே விளைவில் எழுதும்.
* கருத்துரை எனில், எதையும் எழுதாது.
* பண்புக்கூறு எனில், அதன் மதிப்பை உரையாக எழுதும். ஆனால் 'அப்ளை-டெம்ப்ளேட்ஸ்' கட்டளை, தனியே கேட்கப்பட்டாலன்றிப் பண்புக்கூறுகளைத் தேடிச் செல்வதில்லை.

கடைசி விதியின் விளைவு கவனிக்கத்தக்கது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் நாட்கள் யாவும் பண்புக்கூறுகளில் உள்ளன. வார்ப்புரு எதுவும் இல்லாத வெற்றுப் பாணித்தாளை இவ்வாவணத்தின்மீது இயக்கினால், பரிந்துரைகளின் பெயர்கள் மட்டும் தொடர் உரையாக வெளிவரும். ஐந்து நாட்களும் சுவடின்றி மறைந்துவிடும். உருமாற்றி இதைப் பிழையாகக் கருதாது.

மறுகட்டமைப்பு

முற்றொருமை உருமாற்றம்

ஆவணத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்போது, எதையும் மாற்றாமல் நகலெடுக்கும் விதியில் இருந்து தொடங்குவது பாதுகாப்பான முறையாகும். இது முற்றொருமை உருமாற்றம் எனப்படும். எல்லாக் கணுக்களுக்கும் எல்லாப் பண்புக்கூறுகளுக்கும் பொருந்தும் ஒரே வார்ப்புரு இதற்குப் போதும். அது 'காப்பி' கட்டளையால் கணுவை நகலெடுத்து, பின்னர் அதன் பண்புக்கூறுகளுக்கும் உட்கணுக்களுக்கும் அதே விதியைச் செலுத்துகிறது.

இதன்மேல், மாற வேண்டிய உறுப்புக்கு மட்டும் தனி வார்ப்புரு எழுதப்படும். குறிப்பிட்ட பெயருக்கான வார்ப்புரு பொதுவான வார்ப்புருவை விட முன்னுரிமை உடையது. எனவே பிற பகுதிகள் மாறாமல் வந்துசேரும். ஓர் உறுப்பை நீக்க, அதற்கு வெற்று வார்ப்புரு எழுதினால் போதும். பெயரை மாற்ற, புதுப் பெயரில் உறுப்பை எழுதி உள்ளடக்கத்துக்கு விதிகளைச் செலுத்தலாம். 3.0 பதிப்பில் இந்த நகலெடுக்கும் வார்ப்புருவைத் தனியே எழுத வேண்டியதில்லை. 'மோட்' அறிவிப்பில் பொருந்தாத கணுக்களை நகலெடுக்குமாறு கூறிவிடலாம்.

குழுவாக்கம்

தட்டையான பட்டியலை ஆண்டுவாரியான அடுக்காக மாற்றுவது குழுவாக்கம் ஆகும். 1.0 பதிப்பில் இதற்கெனத் தனிக் கட்டளை இல்லை. ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் மியூன்சின் பெயரால் மியூன்சிய முறை என அறியப்படும் உத்தி பரவலாகப் பயன்பட்டது. அதன் படிகள் பின்வருமாறு:

1. நாளின் முதல் நான்கு எழுத்துகளைத் திறவுகோலாகக் கொண்டு, 'கீ' அறிவிப்பின் மூலம் பரிந்துரைகளுக்கு ஓர் அட்டவணை அமைக்கப்படும்.
2. ஒவ்வொரு பரிந்துரையும் தன் ஆண்டுக்குரிய தொகுதியில் முதலாவதாக உள்ளதா என்று 'ஜெனரேட்-ஐடி' செயற்கூறால் சோதிக்கப்படும்.
3. முதலாவதாக உள்ளவற்றுக்கு மட்டும் ஆண்டு உறுப்பு எழுதப்படும்.
4. அதனுள், அதே திறவுகோலைக் கொண்ட எல்லாப் பரிந்துரைகளும் அட்டவணையில் இருந்து எடுத்து எழுதப்படும்.

2.0 பதிப்பில் 'ஃபார்-ஈச்-குரூப்' கட்டளை இவ்வேலையை நேரடியாகச் செய்கிறது. மதிப்பால் குழுவாக்குவது மட்டுமன்றி, குறிப்பிட்ட உறுப்பில் தொடங்கும் தொடர்களாகவும் பிரிக்க அது இடந்தருகிறது. தலைப்பும் பத்திகளும் ஒரே மட்டத்தில் வரிசையாக உள்ள ஆவணத்தை, தலைப்புக்குள் பத்திகள் அடங்கிய பிரிவுகளாக மாற்ற இரண்டாவது வகை பயன்படும்.

இங்கும் ஓர் இடர் உண்டு. நாளில் இருந்து ஆண்டைப் பிரிக்கும் 'இயர்-ஃப்ரம்-டேட்' செயற்கூறு, நாள் பண்புக்கூறே இல்லாத பரிந்துரைக்கு வெற்று விடையைத் தரும். திறவுகோல் வெறுமையாக உள்ள பதிவு எந்தக் குழுவிலும் சேர்க்கப்படாது என்பது மதிப்பால் குழுவாக்கும் வகையின் விதி. ஆகவே நாள் அறியப்படாத பதிவு பட்டியலில் இருந்தே மறைந்துவிடும். அத்தகைய பதிவுகளுக்கு 'நாள் இல்லை' என்பது போன்ற மாற்றுத் திறவுகோலைத் தருவது நல்லது.

குழுக்கள், மூல ஆவணத்தில் முதலில் தென்படும் வரிசையிலேயே வெளிவரும். எடுத்துக்காட்டு ஆவணத்தில் 2017 முதலில் இருப்பதால் விளைவிலும் அதுவே முதலில் நிற்கும். கால வரிசை வேண்டுமெனில் 'சார்ட்' கட்டளையைச் சேர்க்க வேண்டும்.

பெயர்வெளி

மூல ஆவணத்தின் வேர் உறுப்பில் இயல்புப் பெயர்வெளி அறிவிக்கப்பட்டிருந்தால், அதன் உறுப்புகள் அனைத்தும் அப்பெயர்வெளியைச் சேர்ந்தவை ஆகின்றன. ஆனால் 1.0 பாணித்தாளில் முன்னொட்டு இன்றி எழுதப்படும் பெயர், பெயர்வெளி அற்ற உறுப்பையே குறிக்கும். எனவே எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் வார்ப்புரு பொருந்தாது. உள்ளமைந்த விதிகள் இயங்கி உரை மட்டும் வெளிவரும். பாணித்தாளில் அதே பெயர்வெளிக்கு ஒரு முன்னொட்டை அறிவித்துப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வு.

நாள் வடிவமைப்பு

மூல வடிவம்

03/04/2005 என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் ஏப்ரல் 3-ஐக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் அது மார்ச் 4 ஆகும். ஓர் ஆண்டில் நாளெண் 12-ஐத் தாண்டாத நாட்கள் 144. அவற்றுள் நாளெண்ணும் மாத எண்ணும் ஒன்றாக உள்ள 12 நாட்களை நீக்கினால், எஞ்சிய 132 நாட்களும் இவ்வாறு இருபொருள் தருவன. எந்த நிரலாலும் எழுத்தைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

இதனால் எக்ஸ்எம்எல் ஆவணங்களில் நாட்கள் ஐஎஸ்ஓ 8601 தரத்தின்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதப்படுகின்றன. 2.0 பதிப்பின் நாள் தரவுவகையும் இவ்வரிசையையே ஏற்கும். பெரிய அலகு முதலில் வருவதால், நான்கு இலக்க ஆண்டுகளைக் கொண்ட நாட்களை எழுத்து வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை கிடைத்துவிடும். நாள் முதலில் வரும் வடிவில் இது நிகழாது. 08-06-2017, 10-02-1998, 16-11-1999 என்பது சரியான எழுத்து வரிசை. ஆனால் கால வரிசை அன்று.

பதிப்பு 1.0

முதற் பதிப்பில் நாளைத் துண்டுகளாக வெட்டி, வேண்டிய வரிசையில் ஒட்டுவதே வழி. 'சப்ஸ்டிரிங்' செயற்கூறு இதற்குப் பயன்படும். ஆண்டு 1-ஆம் இடத்தில் இருந்து 4 எழுத்துகள். மாதம் 6-ஆம் இடத்தில் இருந்து 2. நாள் 9-ஆம் இடத்தில் இருந்து 2. எக்ஸ்பாத்தில் இடங்கள் 1-இல் இருந்து எண்ணப்படுகின்றன. சி, ஜாவா போன்ற மொழிகளில் 0-இல் இருந்து எண்ணிப் பழகியவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். '08' என்பதை 'நம்பர்' செயற்கூறால் எண்ணாக மாற்றினால் முன்னுள்ள சுழியம் நீங்கும்.

மாத எண்ணைப் பெயராக மாற்ற, ஆங்கிலப் பாணித்தாள்களில் ஒரு குறுக்குவழி உண்டு. மூன்றெழுத்துச் சுருக்கங்கள் பன்னிரண்டையும் 36 எழுத்துகள் கொண்ட ஒரே சரமாக எழுதி, மாத எண்ணுக்கேற்ற இடத்தில் மூன்று எழுத்துகளை வெட்டுவர். தமிழுக்கு இது பொருந்தாது. எக்ஸ்பாத், ஒருங்குறிக் குறியீடுகளையே எழுத்துகளாக எண்ணுகிறது. 'மே' என்பதில் மகரமும் ஏகாரக் குறியும் சேர்ந்து 2 குறியீடுகள் உள்ளன. 'பெப்ரவரி' என்பதில் 8 உள்ளன. சம நீளத்தில் வெட்டினால் மெய் ஓரிடத்திலும் உயிர்க்குறி வேறிடத்திலும் பிரிந்து நிற்கும்.

தமிழில் மாதப் பெயர்களைத் தனி உறுப்புகளாகக் கொண்ட சிறு அட்டவணை அமைத்து, எண்ணைக் கொண்டு தேடி எடுப்பதே தகுந்தது. சனவரி, ஜனவரி என்றும், பெப்ரவரி, பிப்ரவரி என்றும் வழங்கும் வடிவங்களுள் வேண்டியதைத் தெரிவுசெய்யவும் இவ்வட்டவணை உதவும்.

பதிப்பு 2.0-உம் அதன் பின்னும்

2.0 பதிப்பில் 'ஃபார்மட்-டேட்', 'ஃபார்மட்-டேட்டைம்', 'ஃபார்மட்-டைம்' ஆகிய மூன்று செயற்கூறுகள் சேர்க்கப்பட்டன. நாளுடன், அது தோன்ற வேண்டிய உருவைக் காட்டும் மாதிரிச் சரம் ஒன்றும் இவற்றுக்குத் தரப்படும். மாதிரிச் சரத்தில் ஒவ்வொரு பகுதியும் சதுர அடைப்புக்குள் ஓர் இலத்தீன் எழுத்தால் குறிக்கப்படும். முக்கியமானவை:

* பெரிய ஒய்: ஆண்டு
* பெரிய எம்: மாதம்
* சிறிய எம்: நிமிடம்
* பெரிய டி: மாதத்தின் நாள்
* சிறிய டி: ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது
* பெரிய எஃப்: கிழமை
* பெரிய எச்: 24 மணிக் கணக்கில் மணி
* சிறிய எச்: 12 மணிக் கணக்கில் மணி

எழுத்தை அடுத்து 1 என இட்டால் எண் அப்படியே தோன்றும். 01 என இட்டால் இரு இலக்கங்களில் தோன்றும். என் என்ற இலத்தீன் எழுத்தை இட்டால் பெயர் தோன்றும்.

பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாடு பிழைகளுக்கு இடந்தரும். 'ஃபார்மட்-டேட்' செயற்கூறில் மாதத்துக்குப் பதில் நிமிடத்தைக் கேட்டால் பிழைச்செய்தி வரும். ஏனெனில் நாளில் நிமிடம் இல்லை. ஆனால் நேரமும் சேர்ந்த மதிப்பில் நிமிடமே மாதத்தின் இடத்தில் அமைதியாக அமர்ந்துவிடும். பெரிய டிக்குப் பதில் சிறிய டி எழுதினால், 2007 சனவரி 23-க்கு இரண்டும் 23 என்றே வரும். 1998 பெப்ரவரி 10-க்கு 41 என்றும், 1999 நவம்பர் 16-க்கு 320 என்றும் வரும். சனவரி நாட்களைக் கொண்டு மட்டும் சோதித்தால் இப்பிழை தென்படாது.

மொழி, எண், நாட்காட்டி

மொழி, நாட்காட்டி, இடம் ஆகியவற்றையும் இச்செயற்கூறுகளுக்குத் தரலாம். எம்மொழிகளை ஏற்பது என்பது உருமாற்றியைப் பொறுத்தது. கேட்ட மொழி இல்லையெனில் வேறு மொழியில் எழுதி, எம்மொழி பயன்பட்டது என்பதை விளைவிலேயே குறிக்க வேண்டும் என்று தரம் கூறுகிறது. எனவே தமிழில் கேட்டு, சதுர அடைப்புக்குள் மொழிக் குறிப்புடன் ஆங்கில மாதப் பெயர் வரக்கூடும். இதைத் தவிர்க்க, முன்னர்க் கூறிய மாதப் பெயர் அட்டவணை இங்கும் கைகொடுக்கும்.

எண்களுக்கு இத்தகைய தடை குறைவு. மாதிரிச் சரத்தில் 1 என்பதற்குப் பதிலாகத் தமிழ் எண்ணான ௧ என்பதை இட்டால், நாளைத் தமிழ் எண்களில் கேட்பதாகப் பொருள். அவ்வாறு ஏற்கும் உருமாற்றி 16 என்பதை ௧௬ என எழுதும். இது இடமதிப்பு முறை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகளை இடும் பழைய தமிழ் எண்முறை அன்று.

நாட்காட்டிக் குறிகளின் பட்டியலில் கலியுகம், சக ஆண்டு, விக்கிரம ஆண்டு, கேரளத்தின் கொல்லம் ஆண்டு ஆகியவை உள்ளன. பட்டியலில் இருப்பதனால் எல்லா உருமாற்றிகளும் அவற்றைக் கணிக்கும் என்று பொருளல்ல. திருவள்ளுவர் ஆண்டுக்குக் குறி இல்லை. அதற்குத் தனிச் செயற்கூறு எழுதிக்கொள்ள வேண்டும்.

நேர வலயம்

நேரத்துடன் சேர்த்துப் பதியப்பட்ட நாளை வெட்டி எடுப்பது தவறான நாளைத் தரக்கூடும். 2007 சனவரி 23 அன்று அனைத்துலக நேரம் 20:00 மணி எனப் பதிவான நிகழ்வு, இந்திய நேரப்படி சனவரி 24 அதிகாலை 1:30-இல் நிகழ்ந்தது. முதல் பத்து எழுத்துகளை மட்டும் எடுக்கும் பாணித்தாள் 23 என்றே காட்டும். 2.0 பதிப்பில் 'அட்ஜஸ்ட்-டேட்டைம்-டு-டைம்சோன்' செயற்கூறால் முதலில் 5 மணி 30 நிமிட வேறுபாட்டுக்கு மாற்றி, அதன்பின் வடிவமைக்க வேண்டும்.

இவ்வேறுபாடு ஒரு நாட்டுக்கு என்றும் மாறாதது எனக் கொள்ளலாகாது. இலங்கை 1996-இல் தன் நேரத்தை முன்னகர்த்தியது; 2006 ஏப்ரலில் மீண்டும் 5 மணி 30 நிமிட வேறுபாட்டுக்குத் திரும்பியது. 2005-ஆம் ஆண்டுக் கொழும்புப் பதிவுகளை இன்றைய வேறுபாட்டைக் கொண்டு மாற்றினால் அரை மணி நேரம் பிழைபடும்.

சரிபார்ப்பு

பிழைச்செய்தி வராமை, விளைவு சரி என்பதற்குச் சான்றாகாது. பின்வரும் சோதனைகள் எளியவை:

* மூலத்தில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையையும் விளைவில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுதல்.
* 2.0 பதிப்பில் நாட்களைத் தரவுவகைக்கு மாற்றியே வடிவமைத்தல். 2007-02-30 என்ற இல்லாத நாளை 1.0 பதிப்பின் வெட்டி ஒட்டும் முறை '30 பெப்ரவரி 2007' எனத் தயக்கமின்றி அச்சிடும், 2.0 பதிப்பு அதை நாளாக ஏற்காது.
* 3.0 பதிப்பில், வார்ப்புரு இல்லாத கணுவைக் கண்டால் பிழையுடன் நிற்குமாறு 'மோட்' அறிவிப்பில் கூறுதல்.
* சோதனை நாட்களில், நாளெண் 12-ஐத் தாண்டியனவும் சனவரி அல்லாதனவும் இடம்பெறச் செய்தல்.
* நாள் இல்லாத பதிவு ஒன்றையும் வேண்டுமென்றே சேர்த்துச் சோதித்தல்.

பயன்பாடும் இன்றைய நிலையும்

நோம் திட்டத்தில் உருவான லிப்எக்ஸ்எஸ்எல்டி, அப்பாச்சி அறக்கட்டளையின் சாலன் ஆகியவை 1.0 பதிப்புக்கான கட்டற்ற உருமாற்றிகள் ஆகும். பைத்தான், பிஎச்பி மொழிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்எஸ்எல்டி நிரலகங்கள் லிப்எக்ஸ்எஸ்எல்டியை அடிப்படையாகக் கொண்டவை. மைக்கேல் கே உருவாக்கிய சாக்சன் 3.0 பதிப்பை ஏற்கிறது. நூல்களையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் குறியிடப் பயன்படும் டிஇஐ, டாக்புக் ஆகிய வடிவங்களுக்கு ஆயத்தப் பாணித்தாள்கள் கிடைக்கின்றன.

வலை உலாவிகள் 1.0 பதிப்பை மட்டுமே ஏற்றன. 2025-இல் குரோம் உலாவியை உருவாக்கும் குழு, உலாவியில் இருந்து எக்ஸ்எஸ்எல்டி ஆதரவை நீக்கும் திட்டத்தை அறிவித்தது. எனவே உலாவியிலேயே உருமாற்றத்தை நிகழ்த்தும் பக்கங்கள் மாற்றுவழி தேட வேண்டியுள்ளது. வழங்கியிலும் தனிக்கணினியிலும் இயங்கும் உருமாற்றிகளை இம்முடிவு பாதிக்காது. அங்கே உருமாற்றத்தை முன்கூட்டியே முடித்து, விளைவுப் பக்கத்தை மட்டும் உலாவிக்கு அனுப்பலாம். மூல ஆவணம் ஐஎஸ்ஓ வடிவ நாட்களுடன் மாறாமல் பேணப்பட்டால், நாளை வேறு கருவியோ வேறு மொழியோ பயன்படுத்த நேரினும் தரவு பயன்படும் நிலையிலேயே இருக்கும்.